மகரக்கட்டு உடைந்த பிறகு



தரம் 6இல் கணீரென்று சரளிவரிசை பாடிய பெடியன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். தரம் 8, 9 வரும்போது அவனுக்கு மகரக்கட்டு உடையும். மேல் ஸட்ஜத்தைப் பிடிக்கப் போனால் குரல் கிறீச்சிடும். பின்வாங்கில் சிரிப்பு எழும்பும். அடுத்த கிழமை, "எனக்குச் சங்கீதம் வராது ரீச்சர்" என்பான். ஒன்றிரண்டு வருடத்தில் குரல் படிந்துவிடும், உண்மைதான். அதற்குள் ஆள் கைவிட்டுப் போயிருப்பான். பின்னேரம் முழுவதும் ரியூசன் கொட்டிலில் கழியும்.

அந்த ஒன்றிரண்டு வருடத்துக்கு அவன் கையில் ஒரு மிருதங்கத்தைக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன். மிருதங்கம் இல்லையென்றால் மேசை போதும். மேசையும் இல்லையென்றால் மடி இருக்கிறது.

இதைச் சொல்ல யாழ்ப்பாணக் குடாநாட்டைவிடப் பொருத்தமான இடம் எது? நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கிற ஊர் இது. கோயில் வீதியில் விடியவிடிய மேளச் சமா வைத்து, எந்தத் தவில்காரர் எந்த இடத்தில் தீர்மானத்தை வைத்தார் என்று மறுநாள் தேநீர்க்கடையில் விவாதித்த ஊர். 1933இல் பிறந்து 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தமிழ்நாட்டு வித்துவான்களே தலையாட்டிக் கேட்டார்கள். அவருடைய தகப்பனார் விசுவலிங்கமும் தவில்காரர். தெட்சணாமூர்த்தி கடல் தாண்டிப் போய் நாச்சியார்கோவில் இராகவப்பிள்ளையிடமும் கற்றார். அந்தக் காலத்தில் தோல் வாத்தியம் வீட்டோடும் குருவோடும் வளர்ந்த வித்தை. அந்த வீட்டில் பிறக்காத பிள்ளை வெளியே நின்று கேட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

கதவு மெல்ல மெல்லத்தான் திறந்தது. 1931இல் வட இலங்கைச் சங்கீத சபை உருவாகித் தரம் தரமாகப் பரீட்சை வைத்தது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் சங்கீத அக்கடமி தொடங்கியது. 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு சேர்ந்து, பின்னர் இராமநாதன் நுண்கலைக் கழகமாக அறியப்பட்டது. யார் வீட்டுப் பிள்ளையும் மிருதங்கம் படித்து ஆசிரியராகலாம் என்று ஆனது சின்ன மாற்றமல்ல. ஆனால் பரீட்சை வந்தால் பரீட்சைக்கு மட்டும் படிக்கிற பிள்ளையும் வரும். கொப்பியில் எழுதிய கோர்வையைப் பிழையில்லாமல் வாசிப்பான். பாடுகிறவர் ஒரு சங்கதியைக் கூட்டிப் பாடினால் கை நின்றுவிடும்.

சரி, பாடசாலை நிலைமைக்கு வருவோம். வகுப்பில் முப்பது பிள்ளைகள், அலுமாரியில் ஒரே ஒரு மிருதங்கம். "வாத்தியம் வரட்டும், தொடங்குவோம்" என்று காத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் சாதாரண தரமும் எழுதி முடித்துவிடுவார்கள். காத்திருக்கவே தேவையில்லை. நம்முடைய தாள வித்தை முதலில் இருப்பது வாயில். "த, தீ, தொம், நம்" என்பது தோலில் விழுவதற்கு முன்னர் நாக்கில் விழவேண்டும். சொல்லத் தெரிந்ததைக் கை மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்ளும். சொல்லத் தெரியாததைக் கையால் வாசிப்பவன் தடவிக்கொண்டுதான் இருப்பான். மகரக்கட்டு உடைந்த பெடியனுக்கு இது இன்னும் வசதி: சொற்கட்டை வாயால் சொல்லும் கொன்னக்கோலுக்குச் சுருதி சுத்தமாக நிற்கவேண்டுமென்ற கட்டாயம் இல்லை. கரகரத்த குரலிலும் தகதிமி தகதிமிதான்.

நீங்களும் இப்போது செய்து பார்க்கலாம். ஆதி தாளம் போடுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தகதிமி சொன்னால் மொத்தம் 32 அட்சரம். கடைசி நாலு எண்ணிக்கைக்குள் 16 இருக்கிறது. "ததிகிணதொம்" என்ற சொல்லில் ஐந்து அட்சரம். மூன்று தரம் சொன்னால் 15. பதினாறுக்கு ஒன்று குறைகிறது அல்லவா? முதல் அட்சரத்தை மௌனமாக விட்டுவிட்டுத் தொடங்குங்கள். ததிகிணதொம், ததிகிணதொம், ததிகிணதொம். அடுத்த தட்டு சமத்தில், அதாவது தாளத்தின் தொடக்கத்தில், வந்து விழும். கணித பாடத்தில் மிச்சம் என்று கொப்பியில் எழுதிய அந்த ஒன்றைப் பிள்ளை இங்கே உடம்பால் உணர்கிறான். சமத்தில் சரியாக வந்து விழுந்த வகுப்பின் முகத்தைப் பார்க்கவேண்டும்!

மிருதங்க மேடையின் உச்சியில் இருந்த பாலக்காடு மணி ஐயர்கூடத் தன் பிற்காலத்தில் ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கற்பிப்பது வித்துவானுக்குக் குறைவு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பாண்ட் வாத்தியக் குழுவையும் நாங்கள் வேறு உலகமாக வைத்திருக்கிறோம். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்காக மாதக்கணக்கில் மைதானத்தில் பழகும் பிள்ளையின் கையில், நாலு நாலாக எண்ணும் சதுஸ்ரம் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. அவனைச் சங்கீத வகுப்புக்குக் கூப்பிட்டுத் தகதிமியை அந்த நடையில் சொல்லச் சொன்னால் போதும். பாதி வேலை முடிந்தது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் தயக்கம் இன்னும் இருக்கிறது. பாட்டு, வீணை, நடனம் என்றால் வீட்டில் உடனே சம்மதம். மிருதங்கம் என்றால், "அது பெடியளின்ர வேலையெல்லோ" என்பார்கள். திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் போன நூற்றாண்டிலேயே புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடையேறியவர். அதற்குப் பிறகும் இந்தக் கேள்வி ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

பறைமேளத்தைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடிப்பது நேர்மையில்லை. செத்தவீட்டில் அதைக் கேட்கிறோம், வாசிப்பவரைத் தள்ளி நிற்கவைக்கிறோம். அதே ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் மிருதங்கமாகி மேடைக்கு வந்தால் பொட்டு வைத்துக் கும்பிடுகிறோம். மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுதினார், 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று. ஒரு தவணையில் ஒரு நாள் பறைமேளக் கலைஞரையும், காத்தவராயன் கூத்துக்கு உடுக்கு அடிப்பவரையும் வகுப்புக்கு அழைத்து, ஆசிரியருக்குரிய கதிரையில் இருத்திக் கற்பிக்கச் சொல்லுங்கள். சன்மானமும் கொடுங்கள்.

கடைசியாக அதிபர்மாருக்கு ஒரு வார்த்தை. பழைய மாணவர் சங்கம் லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ காசு அனுப்பினால் மிருதங்கம் வாங்கிவிடலாம். வலந்தலைத் தோல் கிழிந்தால்? வார் தளர்ந்தால்? வாங்கும்போதே மூட்டுக் கட்டித் தருபவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருக்கு வருடாவருடம் கொடுக்கவேண்டிய கூலியையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். தொப்பியில் ரவை பூசவும் வாசித்து முடிந்ததும் சுரண்டித் துடைக்கவும் பிள்ளைகளே பழகட்டும், அதுவும் பாடம்தான். அலுமாரிச் சாவி சங்கீத ரீச்சரிடம் இருக்கட்டும், அலுவலகத்தில் வேண்டாம்.