ஆசான் ஒப்படைத்த கணக்கு



மில்லிலே நீண்ட காலம் வேலை செய்த மேஸ்திரி ஒருவர் இருப்பார். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். ஆனால், அந்த நுணுக்கத்தைப் பக்கத்தில் நிற்கும் பையனுக்குக் கற்றுத் தர மாட்டார். சொல்லிக் கொடுத்தால் தன் மதிப்புப் போய்விடும் என்ற பயம். பையனும் பொறுமை இழந்து நாலு வார்த்தை பேசிவிடுவான். அத்தோடு இருவருக்கும் முகம் பார்க்கிற பழக்கம் கூட இல்லாமல் போய்விடும். இப்படிப்பட்ட மனஸ்தாபத்தை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். இது எப்படித் தீரும்? நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம், கேளுங்கள்.

டென்மார்க் தேசத்தில் டைக்கோ பிராகே என்று ஒரு பிரபு இருந்தார். 1546-ல் பிறந்தவர். ராஜா அவருக்கு 1576-ல் வேன் என்ற தீவையே கொடுத்தார். அங்கே மாளிகை கட்டி, பெரிய பெரிய கருவிகளை நிறுத்தி, இருபது ஆண்டுகள் நட்சத்திரங்களையும் கிரகங்களையும் அளந்தார். தொலைநோக்கி தோன்றாத காலம். வெறும் கண்ணால் பார்த்தே அளந்தார். அவ்வளவு துல்லியமாக அவருக்கு முன் யாரும் அளந்ததில்லை. ஆனால், அந்த மாளிகைக்குக் கல் சுமந்தவர்கள் தீவின் விவசாயிகள். வாரத்துக்கு 2 நாள் கூலியில்லாமல் உழைத்தார்கள். இதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

புதிய ராஜாவோடு பிணக்கு ஏற்பட்டு, டைக்கோ 1597-ல் தேசத்தை விட்டுப் புறப்பட்டார். பிறகு பிராக் நகரத்துக்கு அருகே ரூடால்ப் சக்கரவர்த்தியின் ஆதரவில் அமர்ந்தார். அங்கேதான் 1600 பிப்ரவரியில் ஜோஹன்னஸ் கெப்ளர் அவரிடம் வந்து சேர்ந்தார்.

கெப்ளர் ஏழை. தகப்பனார் கூலிப் படையில் சேர்ந்து ஊரூராய்ப் போய், கடைசியில் வீடு திரும்பாமலே போனவர். சிறு வயதில் அம்மை கண்டதால் கெப்ளருக்குப் பார்வை மங்கல். உபகாரச் சம்பளத்தில் படித்து, கிராட்ஸ் நகரத்தில் ஆசிரியர் வேலை பார்த்து வந்தார். அவர் வானத்தைப் பார்த்து அளக்க முடியாதவர். ஆனால் கணக்கில் புலி. டைக்கோவிடம் அளவுகள் குவிந்து கிடந்தன. அவற்றைக் கோத்து ஒரு முடிவுக்குக் கொண்டுவர ஆள் இல்லை. ஒருவருக்கு ஒருவர் அவசியம் தேவை.

ஆனாலும் சண்டை வந்தது. டைக்கோ தன் நோட்டுகளைக் காட்டவில்லை. சாப்பாட்டு மேஜையில் இன்றைக்கு ஒரு கிரகத்தைப் பற்றி ஒரு எண், நாளைக்கு இன்னொன்றைப் பற்றி ஒரு எண் என்று சிந்துவார். தன் கருத்தை முன்பு ஒருவன் திருடிவிட்டான் என்ற எரிச்சல் அவருக்கு. கெப்ளரோ வீடு, விறகு, உணவுப் பண்டம், சம்பளம், சொந்த ஆராய்ச்சிக்கு நேரம் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டார். நியாயமான கோரிக்கைதான். ஆனால் ஏப்ரலில் பேச்சு முற்றியது. கெப்ளர் கோபத்தோடு வெளியேறி, கடுமையாக ஒரு கடிதமும் எழுதிவிட்டார்.

சில நாளில் கெப்ளருக்கு மனம் உறுத்தியது. மன்னிப்புக் கேட்டு எழுதினார். பிரபுவான டைக்கோ என்ன செய்தார் தெரியுமா? ஆள் அனுப்பவில்லை. தாமே வண்டி கட்டிக்கொண்டு போய் அழைத்து வந்தார். வீம்பு இரு பக்கமும் இறங்கிற்று. இருந்தாலும் நோட்டுகளின் பூட்டு முழுதும் திறக்கவில்லை.

1601 அக்டோபர் 13-ந் தேதி டைக்கோ ஒரு விருந்துக்குப் போனார். மரியாதையைக் கருதி மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. வீடு வந்தபின் சிறுநீர் போகவில்லை. காய்ச்சலும் பிதற்றலும் கண்டன. 11 நாள் கழித்து, 24-ந் தேதி காலமானார். அந்தக் கடைசி இரவில், தன் வாழ்வு வீண் என்று ஆகிவிடக் கூடாது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் குறித்து வைத்தவர் கெப்ளர். சக்கரவர்த்தியின் பெயரால் தயாரிக்கத் தொடங்கியிருந்த கிரகக் கணக்கு அட்டவணையை முடிக்கும்படி டைக்கோ அவரையே கேட்டுக்கொண்டார். உலகம் அசையாமல் நிற்கிறது என்ற தன் கொள்கைப்படியே அதை எழுத வேண்டும் என்றும் வேண்டினார். உலகம் சூரியனைச் சுற்றுகிறது என்று நம்பியவர் கெப்ளர்!

கெப்ளர் என்ன செய்தார்? வேலையை ஏற்றுக்கொண்டார், கொள்கையை ஏற்கவில்லை. வாரிசுகள் கவனம் வேறிடத்தில் இருந்தபோது நோட்டுகளைத் தம் வசம் எடுத்துக்கொண்டார். அதைப் பிற்பாடு தாமே ஒப்புக்கொண்டார். வாரிசுகளோடு தகராறு பல காலம் நீடித்தது. டைக்கோவுக்கு ஆண்டுக்கு 3,000 நாணயம் சம்பளம். அதே பதவிக்கு வந்த கெப்ளருக்கு 500.

செவ்வாய்க் கிரகத்தின் பாதையை 8 நாளில் கணக்கிடுவேன் என்றவருக்கு ஏறக்குறைய 5 ஆண்டு பிடித்தது. ஒரு கட்டத்தில் அவர் கணக்குக்கும் டைக்கோவின் அளவுக்கும் வித்தியாசம் வெறும் 8 கலை. முழு நிலவின் அகலத்தில் கால் பங்கு. வேறொருவர் என்றால், ஆசான் பிசகாக அளந்துவிட்டார் என்று சொல்லித் தப்பியிருப்பார். கெப்ளர் ஆசானின் அளவை நம்பினார். தம் கணக்கைத் தூக்கி எறிந்தார். அதனால்தான் கிரகங்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்ற உண்மை 1609-ல் வெளியாயிற்று.

அட்டவணை 1627-ல்தான் அச்சாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு விவசாயிகள் கிளர்ந்தெழுந்து லின்ஸ் நகரத்தை முற்றுகையிட்டபோது அச்சகம் எரிந்துபோயிற்று. கெப்ளர் ஊல்ம் நகரத்துக்குப் போய் அச்சிட்டார். கணக்கெல்லாம் சூரியனை மையமாகக் கொண்டது. ஆனால் தலைப்புப் பக்கத்தில் டைக்கோவின் பெயர் முன்னால் நிற்கிறது. முகப்புச் சித்திரத்தில் டைக்கோ மண்டபத்தில் கம்பீரமாக நிற்கிறார். கெப்ளர் அடிப்பீடத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று ஆண்டு கழித்து, 1630-ல், சம்பள பாக்கி தீராமலே கெப்ளர் வெளியூரில் மாண்டார்.

பிற்காலத்தில் சிலர் கெப்ளர்தான் ஆசானுக்கு விஷம் வைத்தார் என்று கூடச் சொன்னார்கள். 2010-ல் கல்லறையைத் திறந்து எலும்பையும் முடியையும் பரிசோதித்தார்கள். பாதரச விஷத்தால் சாவு நேரவில்லை என்று 2012-ல் தெரிந்தது. ஏழைச் சீடன் மீது சுமந்த பழி நீங்க அவ்வளவு காலம் ஆயிற்று.

தோழர்களே! விதை நெல்லைக் குதிரில் பூட்டி வைத்தால் புழுத்துப் போகும். டைக்கோ கடைசிப் படுக்கையில்தான் குதிரைத் திறந்தார். நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தொழில் தெரிந்த பெரியவர்கள் கை ஓடும்போதே இளைஞர்களுக்குக் கற்றுக் கொடுங்கள். கோபித்துப் போனவனைக் கூப்பிட ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். இளைஞர்களே, பெரியவர் சொன்னது எல்லாம் சரி என்று தலையாட்ட வேண்டாம். ஆனால் அவர் கை செய்த வேலையை மதியுங்கள். அது நின்ற இடத்திலிருந்து முடித்துக் காட்டுங்கள். முடித்த பின் அவர் பெயரை முதலில் சொல்லுங்கள்.