காலாவதியான 117ஆவது திருத்தம்

(இராயபுரத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் அப்பா வடசென்னையில் ஒரு பொதுத்துறை ஆலையில் உதவியாளராகச் சேர்ந்தார்; உதவியாளராகவே ஓய்வு பெற்றார். அவர் வேலை பழக்கிவிட்ட பையன்களே அவருக்கு மேற்பார்வையாளர்களாக வந்தார்கள். "நமக்கு அவ்வளவுதான்டா" என்பார். அந்த 'அவ்வளவுதான்' எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடித்தான் நான் ஆய்வுக்கு வந்தேன்.

1995இல் 77ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பட்டியலின, பழங்குடி ஊழியர்களுக்குப் பதவி உயர்வில் இடஒதுக்கீடு தர வழிசெய்தது. 2006இல் நாகராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. கூடவே நிபந்தனையும் போட்டது. பின்தங்கிய நிலைக்கும், போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்கும் அரசு தரவு காட்ட வேண்டும். நிர்வாகத் திறனும் கெடக்கூடாது. தீண்டாமைக்கு ஆளானவர்கள் பின்தங்கியவர்களா என்பதற்கே ஆதாரம் கேட்டார்கள்!

இதை நீக்கத்தான் 2012இல் 117ஆவது திருத்த மசோதா வந்தது. டிசம்பர் 17 அன்று மாநிலங்களவையில் ஆதரவு 206, எதிர்ப்பு 10. மக்களவையிலோ அமளி. அங்கே நிறைவேறாமலேயே, 2014இல் அவை கலைந்ததும் காலாவதியானது. எதிர்த்தவர்கள் மட்டுமல்ல, ஒரு அவையில் கைதூக்கிவிட்டு மறு அவையில் கைவிட்டவர்களும்தான் அதைத் தோற்கடித்தார்கள்.

2018இல் பின்தங்கிய நிலைக்குத் தரவு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. பிரதிநிதித்துவத் தரவு நிபந்தனை மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்று அதே ஆலை வாசலில் நம் பிள்ளைகள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஏணியே இல்லாத இடத்தில் எந்தப் படியில் இடஒதுக்கீடு கேட்பது? நிரந்தரப் பணியைக் கேட்போம். எந்தப் பதவியில் நம்மவர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் அலுவலகம் அலுவலகமாகக் கேட்போம். தரவு வேண்டும் என்கிறார்கள், நாமே திரட்டுவோம்.

ஜெய்பீம்.