ஆலைக்குள் நிற்கும் ரோயால்

இன்று உங்களை பிரான்சின் கிழக்கு ஓரத்துக்கு, அல்சாஸ் பகுதிக்கு அழைத்துப் போகிறேன். ரைன் ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி. தெற்கே கொஞ்ச தூரத்தில் சுவிட்சர்லாந்து. அங்கே முலூஸ் என்று ஒரு ஊர். சுவிஸ் நகரமான பாசலில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடலாம். பிரான்சைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களில் இங்கே இறங்குபவர்கள் குறைவு. பெயர் பெற்ற அரண்மனை கிடையாது, கடற்கரை கிடையாது. ஆலைகளால் வளர்ந்த ஊர் இது.

நான் அங்கே போனது ஒரு காரைப் பார்க்க. புகாட்டி ரோயால். பள்ளியில் படிக்கிற காலத்தில் ஒரு பழைய பத்திரிகையில் அதன் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்திருக்கிறேன். திறந்த கார் ஒன்றின் பக்கத்தில் கோட்டு சூட்டோடு ஓர் இளைஞர் நிற்பார். காரின் முன்பக்கம் நீண்டுகொண்டே போகும். அந்தப் படத்தை வெட்டி நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். நோட்டு எப்போதோ போய்விட்டது. படம் மட்டும் மனத்தைவிட்டுப் போகவில்லை.

காருக்கு முன்னால் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே கார்கள் வந்து சேர்ந்ததே நூலும் துணியும் கொடுத்த பணத்தில்தான். அந்தத் துணியின் கதை நம் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சாயத் துணிகள் ஐரோப்பாவை மயக்கிவிட்டன. பூவும் கொடியும் எழுதிய பருத்தித் துணி, துவைத்தாலும் நிறம் போகாது. அங்கே ஆரம்பத்தில் யாருக்கும் அந்தச் சாய வித்தை தெரியாது. தன் நாட்டுப் பட்டு, கம்பளித் தொழிலைக் காப்பாற்ற பிரெஞ்சு அரசு 1686இல் அந்தத் துணிகளுக்குத் தடை போட்டது; உள்நாட்டில் அதைப் பார்த்து அச்சடிக்கவும் கூடாது என்றது. முலூஸ் அப்போது பிரான்சைச் சேராத ஒரு சிறு குடியரசு. பிரெஞ்சு மன்னரின் தடை அங்கே செல்லாது. 1746இல் கொஷ்லின், ஷ்மால்ட்ஸர், டோல்ஃபுஸ் ஆகியோர் கூட்டாக அங்கே துணி அச்சுப் பட்டறை தொடங்கினார்கள். நம் கரையின் துணிகளைப் பார்த்து அடித்த அச்சுத் துணிதான் அந்த ஊரின் செல்வத்துக்கு அடிக்கல். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அச்சுத் துணி அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கட்டாயம் அதற்குள் ஒரு முறை போய்வர வேண்டும்.

நிலையத்திலிருந்து கார் அருங்காட்சியகத்துக்கு டிராமில் போகலாம். நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் எதிரே தெரிவது பழைய நூற்பாலை. முகப்பை மட்டும் புதிதாகக் கண்ணாடியும் உலோகமுமாகக் கட்டியிருக்கிறார்கள். மில் சங்கு கேட்டு விழித்த கோயம்புத்தூர்க்காரன் நான். அந்த நீண்ட சுவரைப் பார்த்ததும் உள்ளே எங்கே கதிர் ஓடியிருக்கும் என்று மனம் தேட ஆரம்பித்துவிட்டது.

உள்ளே இயந்திரம் எதுவும் இல்லை. 17,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரே கூடம். வரிசை வரிசையாகத் தெருவிளக்குகள்! பாரிஸில் சேன் ஆற்றின் மேல் மூன்றாம் அலெக்சாண்டர் பாலம் இருக்கிறதே, அதன் அலங்கார விளக்குகளைப் பார்த்து அப்படியே செய்த விளக்குகள், சுமார் 800. அவற்றின் அடியில் கூழாங்கல் பரப்பில் கார்கள் நிற்கின்றன. குதிரை வண்டியின் சாயல் மாறாத ஆரம்பகாலக் கார்கள், பந்தயக் கார்கள், பிரபுக்களின் கார்கள் என்று நானூறுக்கும் மேல். புகாட்டிகள் மட்டுமே நூறுக்கும் மேல். ஒரு ஊருக்குள் நடப்பதுபோல நடந்துகொண்டே இருக்கலாம்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டித்தான் போனேன். ஒவ்வொன்றையும் நின்று பார்த்தால் நாள் போதாது. கடைசியில் கொஞ்சம் இருட்டான ஒரு கூடம். விலை மதிப்பற்ற கார்களை அங்கே தனியாக வைத்திருக்கிறார்கள். அங்கேதான் ரோயாலைப் பார்த்தேன்.

நேயர்களே, படத்தில் அதன் அளவு தெரியாது. நீளம் 6 மீட்டருக்கும் மேல், எடை 3 டன்னுக்கும் மேல். சக்கரம் என் இடுப்பு வரை வந்தது. பானெட்டை ஒட்டி நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன். அதற்குள் இருப்பது ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின், கொள்ளளவு 12.7 லிட்டர். அதாவது ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஏறக்குறைய 1.6 லிட்டர். நம் தெருவில் ஓடும் சிறிய காரின் முழு எஞ்சினும் 1.2 லிட்டர்தானே. ஒவ்வொரு பிஸ்டனும் 125 மில்லிமீட்டர் விட்டம்.

ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு வெள்ளி யானை. பின்னங்கால்களில் எழுந்து நின்று, தும்பிக்கையை உயர்த்தியிருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவம்தான். ஆனால் தோலின் மடிப்பும், உடலின் பாரம் பின்னங்கால்களில் இறங்குவதும் அப்படியே தெரிகின்றன. யானையை அருகில் நின்று நெடுநேரம் பார்த்தவனின் கைவேலை அது. செய்தவர் ரெம்பிராந்து புகாட்டி, காரை உருவாக்கிய எத்தோரே புகாட்டியின் தம்பி. ஆன்ட்வெர்ப் விலங்குக் காட்சிசாலையில் விலங்குகளைப் பார்த்துப் பார்த்துச் சிலை செய்த கலைஞர். 1916இல், முப்பத்தொரு வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அண்ணன் தன் வாழ்நாளின் மிகப் பெரிய காரைக் கட்டியபோது, அதன் நெற்றியில் தம்பியின் யானையை வைத்தார். அந்த முழுக் காரிலும் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது அந்தச் சிறு யானைதான்.

எத்தோரே இத்தாலியின் மிலானில் பிறந்தவர். 1909இல் அல்சாஸில் மோல்ஷெய்ம் என்ற சிற்றூரில் தொழிற்சாலை போட்டார். 1920களின் பிற்பகுதியில் மன்னர்களும் பெருஞ்செல்வர்களும் வாங்குவார்கள் என்று நம்பி ரோயாலைத் தொடங்கினார். 25 கார்கள் கட்டுவது திட்டம். 1929இல் உலகப் பொருளாதாரமே சரிந்தது. இன்று இருப்பவை ஆறு. அவற்றில் வெளியாருக்கு அவர் விற்றவை மூன்றே மூன்று. எந்த மன்னரும் வாங்கவில்லை.

முலூஸில் இருப்பவை அசல் ரோயால்கள் இரண்டு. ஒன்று எத்தோரே தனக்கென்று வைத்துக்கொண்டது. கூப்பே நெப்போலியன் என்பார்கள். ஓட்டுநர் இருக்கைக்கு மேல் கூரை இல்லை, பின்னால் இருப்பவர்களுக்கு மட்டும் மூடிய அறை. முதலில் இந்தச் சேசிஸின் மேல் வேறு உடல் இருந்தது. பாரிஸிலிருந்து அல்சாஸ் திரும்பும் வழியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எத்தோரே கண்ணயர்ந்துவிட, கார் மோதி நொறுங்கியது. அதன் பிறகு அவருடைய மகன் ழான் வரைந்து கொடுத்ததுதான் இப்போதைய உருவம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கையில் சிக்காமல் இருக்க, பாரிஸுக்கு வடகிழக்கே எர்மனோன்வில் என்ற ஊரிலிருந்த குடும்ப மாளிகையில் சுவர் எழுப்பி இந்தக் காரை மறைத்து வைத்தார்கள்.

இன்னொன்று, 1933இல் ஓர் ஆங்கிலேயர் வாங்கி லண்டனின் பார்க் வார்டு நிறுவனத்தில் உடல் கட்டிய கார். கனமான, அடக்கமான உருவம்.

மூன்றாவதாக ஒரு ரோயாலும் அங்கே நிற்கிறது. அதைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. என் நோட்டுப் புத்தகத்தில் இருந்த கார் அதுதான். ஆர்மான் எஸ்டர்ஸ் என்ற ஆயத்த ஆடை வியாபாரிக்காகச் செய்த திறந்த கார். இரவில் கார் ஓட்டும் வழக்கம் இல்லாதவர் என்பதால் அவர் ஹெட்லைட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விளக்கில்லாத அந்த முகத்தில் மட்கார்டுகளின் வளைவு எந்தத் தடையும் இல்லாமல் ரேடியேட்டரிலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிறது. அசல் காரின் உடலைப் பிற்காலத்தில் மாற்றிவிட்டார்கள். இங்கே இருப்பது அசல் உதிரி பாகங்களை வைத்து மறுபடி கட்டிய உருவம். இருந்தாலும் அந்தக் கோடு ழானுடையது. படத்தில் காரின் பக்கத்தில் நின்ற இளைஞரும் ழான்தான். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. 1939இல் மோல்ஷெய்முக்குப் பக்கத்தில் பந்தயக் கார் ஒன்றைச் சோதித்து ஓட்டும்போது விபத்தில் இறந்தார். வயது முப்பது. தம்பியையும் மகனையும் இழந்த எத்தோரே 1947இல் கண்மூடினார்.

இந்தக் கார்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஹான்ஸ், ஃபிரிட்ஸ் ஷ்லும்ப் என்ற சகோதரர்கள். கம்பளி நூற்பாலை முதலாளிகள். ஃபிரிட்ஸுக்குப் புகாட்டி மேல் தீராத ஆசை. கூப்பே நெப்போலியனை மோல்ஷெய்மிலிருந்தே வாங்கினார். 1964இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஒருவர் சேர்த்து வைத்திருந்த 30 புகாட்டிகளை மொத்தமாக 85,000 டாலருக்கு வாங்கி, திறந்த ரயில் வண்டிகளில் ஏற்றி, கப்பலில் கொண்டுவந்தார். பார்க் வார்டு ரோயாலும் அப்படி வந்ததுதான். இந்த ஆலையைப் பூட்டிவைத்து, மெக்கானிக், தச்சர், தோல் வேலை செய்பவர், பெயின்டர் என்று ஒரு கூட்டத்தை அமர்த்தி ரகசியமாகப் பழுது பார்க்க வைத்தார். தெருவிளக்குகளும் அவருடைய ஏற்பாடே.

1970களில் கம்பளி நூல் தொழில் படுத்துவிட்டது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம். சகோதரர்கள் எல்லை தாண்டி பாசலுக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச் 7ஆம் தேதி தொழிற்சங்கத்தினர் இந்த ஆலைக்குள் நுழைந்தார்கள். வேலை போன மில் தொழிலாளி கண் முன்னால் அந்த விளக்குகள், அந்த வெள்ளி யானை. அவர்கள் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று அந்தக் கூழாங்கல் பரப்பின் ஓரத்தில் நின்று நெடுநேரம் யோசித்தேன்.

இரண்டு ஆண்டுகள் அந்த இடம் தொழிலாளர் கையில் இருந்தது. 'தொழிலாளர் ஆலை' என்று பெயர் மாற்றி, கதவைத் திறந்து ஊராரை உள்ளே விட்டார்கள். சம்பளம் வராத கோபத்தில் கார்களை அடித்து நொறுக்கியிருக்கலாம், துண்டு துண்டாக விற்றிருக்கலாம். தொகுப்பு தப்பியது. 1978இல் பிரெஞ்சு அரசு இந்தத் தொகுப்பை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பிறகு பொது அமைப்புகள் சேர்ந்து வாங்கி, 1982இல் அருங்காட்சியகமாகத் திறந்தன. ஃபிரிட்ஸ் ஷ்லும்பின் பெயர் இன்றும் அருங்காட்சியகத்தின் பெயரோடு இருக்கிறது. அவருக்குக் கார் மேல் இருந்த காதலை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள் இந்தக் கூடத்தைக் காத்த மில் தொழிலாளர்களுக்கு அதே அளவு பெரிய எழுத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

முலூஸில் மறுநாளும் தங்க முடிந்தால், அதே ஊரில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கும் போய்விடுங்கள். ரோயாலின் மிச்சக் கதை அங்கே இருக்கிறது. கார் விற்காததால் எத்தோரேயிடம் எஞ்சின்கள் தேங்கின. அவற்றை வைத்து ரயில் வண்டி கட்டினார். 'பிரெசிடான்சியேல்' என்ற வகையில் நான்கு ரோயால் எஞ்சின்கள், மொத்தம் 800 குதிரைத்திறன். வண்டியின் நடுவே கூரைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் சிறு கூண்டில் ஓட்டுநர் உட்காருவார். 1933இல் ஓடத் தொடங்கிய இந்த வண்டிகள் போருக்குப் பிறகும் 1950களில் பிரெஞ்சு ரயில் பாதையில் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று இங்கே நிற்கிறது. மூக்கு சரிந்த அந்த வண்டியில், ரோயாலுக்காக உருவாக்கிய எஞ்சின்களின் விசையில், டிக்கெட் வாங்கிய எத்தனையோ ஆயிரம் பேர் வேலைக்கும் வீட்டுக்கும் கடற்கரைக்கும் போய்வந்திருக்கிறார்கள்.