அந்நியன் யார்?
(நெய்வேலி நகரியத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



தன் எல்லைக்குள் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்கின்ற உரிமை ஒரு சர்க்காருக்கு உண்டா இல்லையா என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். "என் வீட்டுக்குள் யார் வரலாம் என்பதை நான்தானே தீர்மானிக்க வேண்டும்?" என்றும் அதிலேயே கேட்கிறார். சரி, அப்படியே வைத்துக் கொள்ளுவோம். ஆனால் அந்த வீட்டைக் கட்டியவன் யார் என்று நாம் கேட்கலாமா, கூடாதா?

இலங்கை மலையகத்தை எடுத்துக் கொள்ளுங்கள். காடாய்க் கிடந்த மலையில் முதலில் காப்பியும், பின்னால் தேயிலையும் போட வெள்ளைக்கார முதலாளிகள் கங்காணிகளை விட்டு நம் ஜில்லாக்களில் ஆள் பிடித்துப் போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களும், ஒரு குழி நிலங்கூட இல்லாதவர்களுமேயாவார்கள். நூறு வருஷத்துக்கு மேல் இவர்கள் பாடுபட்ட பிறகு 1948-ல் வெள்ளையன் போனான். அந்த வருஷமே அங்கு ஒரு குடியுரிமைச் சட்டம் செய்தார்கள். அந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாதாம். தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டுமாம். லயத்தில் பிறந்தவனுக்கு, பாட்டன் பூட்டனின் ஜனன பத்திரத்திற்கு எங்கே போவது? அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஸ்தானங்களைப் பிடித்ததே, அதற்குச் செய்த வைத்தியந்தான் இது!

இதில் எனக்கு ஆச்சரியமில்லை. பிறப்பைக் கேட்டு மனிதனுக்கு மதிப்புப் போடுவது நாம் அறியாததா? இங்கே கோத்திரம் கேட்கிறவன் செய்வதையே அங்கே குமாஸ்தா ரிஜிஸ்டரை வைத்துக் கொண்டு செய்தான்.

நம் சர்க்காரின் யோக்கியதை என்ன? 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். சந்தையில் மாடு விற்கிறவன்கூட, போகிற இடத்தில் அதற்குத் தீனி கிடைக்குமா என்று பார்ப்பான். இந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டவர் யார்? வந்தவர்களுக்காக 1968-ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். அங்கே இந்தியாக்காரன் என்று ஏசப்பட்டவனை இங்கே சிலோன்காரன் என்றார்கள். அங்கேயே தங்கிவிட்ட நாடற்றவர்களுக்கு வழி பிறக்க 2003 வரை ஆயிற்று.

1983 முதல் உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் சங்கதி வேறு. முகாமிலேயே பிறந்து பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள். 2019-ல் டில்லி செய்த சட்டமோ மூன்று தேசங்களையும் ஆறு மதங்களையும் குறித்தது. அதில் இலங்கையும் இல்லை, முஸ்லிமும் இல்லை. அடிபட்டவனிடம் காயத்தைப் பார்ப்பதா, மதத்தைப் பார்ப்பதா?

ஆகவே தோழர் கேட்டதற்குச் சொல்லுகிறேன். கொள்ளையடிக்க வருகிறவனை சர்க்கார் தாராளமாய்த் தடுக்கட்டும். கூப்பிட்டு வேலை வாங்கினவனையும், உயிர் பிழைக்க ஓடி வந்தவனையும் வெளியே தள்ள எந்த சர்க்காருக்கும் உரிமை கிடையாது.

நிற்க, இந்த ஊர் 1956-க்குப் பிறகு எழுந்தது. சுரங்கத்துக்காகக் கிராமங்கள் கிளம்பின. இங்கு உட்கார்ந்திருக்கும் நம்மில் பலர் வந்தேறிகளே. நிலம் கொடுத்தவனுக்கு வேலை கொடு என்று நிர்வாகத்தைக் கேட்பது நியாயம், நானும் கேட்கிறேன். அந்த ஆத்திரத்தை மூட்டையோடு ரயிலேறி வரும் பீகார்க் கூலிக்காரன் மேல் காட்டுவானேன்? அவனைப் பிடித்து வருகிறவனும் கங்காணிதான், பேர்தான் கண்டிராக்டர்.

சீட்டு எழுதிய தோழருக்கு இன்னும் கேள்வி இருந்தால் எழுந்து நின்றே கேட்கலாம். பேர் போடாமல் எழுத வேண்டியதில்லை.