பின்விளைவு யாருக்கு?



1968-இல் டொனால்ட் பேயர், மொன்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி ஆகிய மூவரும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வுக்கு வரையறை வகுத்தார்கள். சமூகத்துக்கு முக்கியமான நடத்தையையே அத்துறை ஆராய வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. ஒரு செயலைத் தொடர்ந்து என்ன நிகழ்கிறதோ, அதைப் பொறுத்தே அச்செயல் மீண்டும் நிகழ்கிறது என்பது அத்துறையின் அடிப்படை. அந்தப் பின்விளைவு யாரைச் சேர்கிறது என்று கேட்டுவிட்டால் அது சமூக நீதியின் கேள்வியாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். நீலகிரிக் காடுகளில் வீசப்பட்ட மதுபாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைப் பதம்பார்க்கும் ஆபத்து நெடுநாளாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், 2022-இல் அங்குள்ள டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தத் தொகையைத் திருப்பித் தரத் தொடங்கின. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. அதற்காகக் குடிப்பவர் யாருக்கும் காட்டின் மேல் திடீர்ப் பற்று பிறந்திருக்க வேண்டியதில்லை. வீசினால் நஷ்டம், கொண்டுவந்தால் பணம் என்ற ஏற்பாடே போதுமானதாக இருந்தது. ஆனால் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தபோது, கூடுதல் வேலை தங்கள் தலையில் விழுகிறது, பாட்டில்களை அடுக்க இடமில்லை என்று கடை ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பை வெறும் முட்டுக்கட்டையாகப் பார்ப்பவர் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார். காட்டைக் காக்கும் ஏற்பாட்டின் சுமையைக் குறைந்த சம்பளக்காரர் சுமப்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரு விளைவுதான்.

காசைக் காட்டி மனிதரை ஆட்டிவைப்பதா என்று நடத்தை உளவியலாளர் ஸ்கின்னரின் காலத்திலிருந்தே கேட்கிறார்கள். நியாயமான அச்சம். ஆனால் விலை, கூலி, அபராதம் என நம்மை இயக்கும் ஏற்பாடுகள் ஏற்கெனவே எங்கும் உள்ளன. அந்த 10 ரூபாய் எல்லோருக்கும் தெரிந்தது. அதை எதிர்த்துப் பேசவும் முடியும். யாருக்கும் சொல்லாமல் செய்யப்படும் ஏற்பாடே அஞ்சத்தக்கது.

தனிமனிதரைத் திருத்தப் போய் நிறுவனங்களைத் தப்பவிடுகிறது நடத்தைப் பகுப்பாய்வுத் துறை என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. சாக்கடைத் தூய்மைப் பணியைப் பாருங்கள். பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சாவுகள் நிற்கவில்லை. இறங்குபவர் ஆபத்து தெரியாமல் இறங்குவதில்லை. மறுத்தால் அன்றைய கூலி போய்விடும். இறக்குபவருக்கோ இயந்திரத்தைவிட ஆள் மலிவு, தண்டனையும் அரிது. அப்படியானால் முதலில் ஆராய வேண்டியது ஒப்பந்ததாரரின் நடத்தையை, அவரை அமர்த்திய அதிகாரியின் நடத்தையை. நம் துறை இதைப் போதிய அளவு செய்யவில்லை என்பதே என் கருத்து.

உளவியலிலும் சமூகப்பணியிலும் இன்று பட்டம் பெறும் உங்களை, நாளை தூய்மைப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடத்த அழைப்பார்கள். போங்கள், நடத்துங்கள். ஆனால் ஒப்பந்ததாரரின் பில் எந்த நிபந்தனையில் பாஸாகிறது என்று முதலில் கேளுங்கள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.