கிராண்ட்டில் யார் பெயர்?



பள்ளி விடுமுறை என்றால் நான் இங்கே பிரிக்பீல்ட்ஸில் மாமா வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன். ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ். 1905 வாக்கில் இரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய நூறு வீடுகள். சுவரில் சுண்ணாம்பு உதிரும், மழைக்கு ஒழுகும். ஆனால் அத்தை மீன் குழம்பு வைத்தால் நான்கு வீடு தள்ளி இருப்பவருக்கும் ஒரு கிண்ணம் போகும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வரிசையே சமைக்காது. அந்த இடத்தின் அழகு அதுதான்.

நூறு வயதைத் தாண்டி நின்ற அந்த வீடுகளை 2010களில் இடித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களுக்கு நிலத்தில் உரிமை இல்லை. வேலையோடு வந்த வீடு, வேலையோடு போனது.

அதே பிரிக்பீல்ட்ஸில் 1904-இல் கட்டிய விவேகானந்தர் ஆசிரமம் இன்றும் நிற்கிறது. 2014-இல் அதன் வளாகத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்றதும் மக்கள் திரண்டார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள். வாய் திறந்ததால் அது நிலைத்தது.

புது வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மின்தூக்கி பழுதான மாடியில் முழங்கால் வலியோடு ஏறும் பாட்டியிடம் பழமையின் பெருமையைப் பேச முடியுமா? நம்மைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதே என் வாதம்.

எனவே இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, கிராண்ட்டை எடுத்துப் பாருங்கள். இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால், அண்ணன் தம்பி சண்டையை ஒதுக்கிவைத்துவிட்டு நில அலுவலகத்துக்குப் போய், வாரிசுகளுக்கு மாற்றும் வழியைக் கேளுங்கள்.

இரண்டு, குத்தகை நிலமா என்று பாருங்கள். 99 ஆண்டுக் குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று எண்ணுங்கள். நில வரி, மதிப்பீட்டு வரி இரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று, மேம்பாட்டாளரின் ஆள் இனிக்க இனிக்கப் பேசி ஒரு தாளை நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் காட்டுங்கள். வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

குழம்புக் கிண்ணம் கைமாறிய வாசல்களில் தகவலும் கைமாற வேண்டும். அப்போதுதான் இந்த வட்டாரம் நம் பேரப்பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.