ஏழு வருஷம்னு மட்டும் நம்பி இருக்காதீங்க

வரதட்சணைச் சாவு பத்தி எனக்கு வந்த கேள்விகள்ல ஒரே நினைப்புதான் திரும்பத் திரும்ப வருது. "கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள பொண்ணு இறந்துட்டா, குத்தம் பண்ணலைன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதானே நிரூபிக்கணும்?" இல்லைங்க. முதல்ல நிரூபிக்க வேண்டியது நம்ம பக்கம்தான்.

பாரதிய நியாய சம்ஹிதா 80-ஆவது பிரிவு, அதாவது பழைய 304பி, நாலு விஷயம் கேட்குது. சாவு இயல்பானதா இருக்கக் கூடாது. ஏழு வருஷத்துக்குள்ள நடந்திருக்கணும். புருஷனோ அவரோட உறவுக்காரங்களோ வரதட்சணைக்காகக் கொடுமை பண்ணியிருக்கணும். அந்தக் கொடுமை சாவுக்குச் சற்று முன்னால நடந்திருக்கணும். இதெல்லாம் நிரூபிச்ச பிறகுதான் புது சாட்சியச் சட்டத்தோட 118-ஆவது பிரிவு உதவிக்கு வரும், நிரூபிக்கிற பொறுப்பு மாப்பிள்ளை பக்கம் போகும். முதல் ரெண்டும் கல்யாணத் தேதியிலயும் போஸ்ட்மார்ட்டத்துலயும் தெரிஞ்சுடும். வழக்கு தோற்கிறது பின்னால இருக்கிற ரெண்டுலதான்.

"சற்று முன்னால"ன்னா எத்தனை நாள்னு கேக்கறீங்க. நாள் கணக்கு கிடையாது. கொடுமைக்கும் சாவுக்கும் நடுவுல அறுந்து போகாத தொடர்பு இருக்கணும்னு சத்பீர் சிங் வழக்குல 2021-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. "நிச்சயத்தப்பவே அம்பது பவுன் கேட்டாங்க"ன்னு சொல்லி நிறுத்திட்டா, அஞ்சாவது வருஷத்துச் சாவோட அதை எப்படி இணைக்கிறது? கடைசியா எப்ப கேட்டாங்க, யார் கேட்டாங்க, எவ்வளவு கேட்டாங்க? அதைச் சொல்லுங்க.

தமிழ்நாட்டுல இப்படிச் சாவு நடந்தா கோட்டாட்சியர் விசாரணை நடக்கும். நான் பார்த்த ஒரு வழக்குல, அந்த விசாரணையப்போ பொண்ணோட அப்பா பிணவறை வாசல்ல உட்கார்ந்திருந்தார். பேரன் மாப்பிள்ளை வீட்டுல இருக்கான், உடம்பைச் சீக்கிரம் வாங்கிட்டுப் போகணும். "யார் மேலயும் சந்தேகம் இல்லை"ன்னு எழுதியிருந்த வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுட்டார். காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு, பொண்ணு அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டுட்டு ஓடி வந்தார். கோர்ட்டுல குறுக்கு விசாரணை முழுக்க அந்த ஒரு வரியைப் பிடிச்சுத்தான் நடந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. கூடவே நின்ன படிச்ச சொந்தக்காரங்க மேலதான் கோபம். "படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க"ன்னு சொல்ல அங்க ஒருத்தர் இல்லையே!

அதனாலதான் சொல்றேன்: பொண்ணு உயிரோட இருக்கும்போதே சாட்சியம் சேரணும். கொல்லத்துல 2021-ல ஒரு ஆயுர்வேத மருத்துவ மாணவி இறந்தாங்களே, அந்த வழக்குல அவங்க அனுப்பின வாட்ஸ்அப் செய்திகளும் போன்ல பதிவான பேச்சும்தான் முக்கியமான சாட்சியமா நின்னுது. 2022 மே மாசம் கணவருக்கு 10 வருஷத் தண்டனை விதிச்சாங்க. அவர் மேல்முறையீடு செய்தார். சாட்சியம் போன்லதான் இருக்குங்கறதால பழைய போனை விக்காதீங்க, எதையும் அழிக்காதீங்க. அந்தப் பதிவைக் கோர்ட்டுல கொடுக்கும்போது அதே சாட்சியச் சட்டத்தோட 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் கூடவே இருக்கணும். பணம் கொடுத்தா வங்கி வழியா கொடுங்க, நகை அடகு வெச்ச ரசீதைப் பத்திரப்படுத்துங்க. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்"னு சொல்லாதீங்கம்மா. யார் அடிச்சதுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஏ.ஆர். காப்பியில, அதாவது விபத்துப் பதிவேட்டுல, அது பதிவாகும்.

வந்த மத்த சந்தேகங்கள். வீடு கட்டப் பணம் கேட்டா வரதட்சணையா? ஆமா, 2022-ல ஜோகேந்திரா வழக்குல உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கு. ஏழு வருஷம் தாண்டிட்டா? 80-ஆவது பிரிவு பொருந்தாது, அதே சட்டத்துல கொடுமைக்கான 85-உம், தற்கொலைன்னா தூண்டினதுக்கான 108-உம் இருக்கு. புகார் கொடுக்க மாப்பிள்ளை ஊருக்கே போகணுமா? வேண்டாம், பொண்ணு வந்து தங்கியிருக்கிற ஊர்லயே கொடுக்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2019-லயே சொல்லியாச்சு. வெளியூர்ல இருக்கிற நாத்தனார் பேரையும் சேர்க்கலாமா? அவங்க பண்ணாததை எழுதாதீங்க, உண்மையான புகாரும் சேர்ந்து கெட்டுப் போகும்.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. பொண்ணு போன்ல அழுதா "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னு திருப்பி அனுப்பாதீங்க. கூட்டிட்டு வாங்க. அனைத்து மகளிர் காவல் நிலையத்துல புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கிட்டதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க. அவசரம்னா பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்க, ராத்திரியிலயும் எடுப்பாங்க.